விருப்பாச்சி வரைக்கும் செருப்பு

திண்டுக்கல் நாகல் நகரில் கிளினிக் வைத்திருந்த ஒரு டாக்டரை ஊரில் பாதிப் பேர் "பேரம் பேசுற டாக்டர்" என்றுதான் சொல்வார்கள். வெளியூர்க்காரர்கள் ஃபீஸில் பேரம் பேசுகிறவர் என்று நினைத்துக்கொள்வார்கள். அதெல்லாம் இல்லை. அவர் பேரம் பேசியது இட்லியில், பீடியில், உப்பில், மாத்திரையில். "கூடாது" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து வரவழைப்பது கஷ்டம்.

"காலைல எத்தனை இட்லி?"

"அஞ்சு சார்."

"மூணாக்குவோமா?"

"மூணு பத்தாது சார். மூட்டை தூக்குற ஒடம்பு."

"சரி, உங்க பேச்சும் வேணாம், எம் பேச்சும் வேணாம். நாலு. தக்காளிச் சட்னி எம்புட்டு வேணும்னாலும் வச்சுக்கங்க."

மருந்துச் சீட்டில் மாத்திரைகளுக்கு மேலே "இட்லி 4" என்று எழுதி அடிக்கோடு போடுவார். அந்த ஆள் ஏதோ ஜெயித்துவிட்ட முகத்தோடு வெளியே போவார். மறுநாள் நாலுதான் சாப்பிடவும் செய்வார். அவர் வாயாலேயே ஒத்துக்கொண்டது அல்லவா.

எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது. நான் தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தா. மனுவோடு நகல் இல்லையென்றால், எதிரில் நிற்பவர் கண்ணீர் விட்டாலும் திருப்பி அனுப்பியே பழக்கப்பட்டவன். சர்க்கரைக்கு மூன்று இட்லி என்று புத்தகத்தில் இருந்தால் மூன்று இட்லி. அத்தனை வருஷம் படித்துவிட்டு வந்து மாட்டுச்சந்தை மாதிரி விலை பேச என்ன இருக்கிறது என்று தோன்றும். மாட்டுச்சந்தை என்று சும்மா சொல்லவில்லை. என் அப்பா மாட்டுத் தரகர். சாணார்பட்டிப் பக்கத்து வெள்ளாமைச் சம்சாரிகளுக்கு முப்பது வருஷம் மாடு பிடித்துக் கொடுத்தவர். அவருக்கு இந்த டாக்டர் என்றால் உயிர். "படிச்ச டாக்டருக ஊர்ல ஆயிரம் பேரு இருக்காக. தொழில் தெரிஞ்சவரு இவரு ஒருத்தர்தேன்" என்பார். அவர் சொன்ன தொழில் வைத்தியம் இல்லை.

டாக்டர் பேரம் பேசாத விஷயங்களும் உண்டு. நாய்க்கடி ஒன்று, காசநோய் ஒன்று. தோல் பதனிடுகிற தோல் ஷாப்பில் வேலை பார்த்த ஒருவர், இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிட்டது என்று காசநோய் மாத்திரையை நிறுத்திவிட்டார். டாக்டர் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஸ்கூட்டரில் போய் தோல் ஷாப் வாசலில் நின்றார். அந்த ஆள் "நாலு மாசம் சாப்பிடுறேன் சார்" என்று ஆரம்பித்தாராம். "ஆறுன்னா ஆறு. இதுல பேச்சே இல்ல. ஏறி உக்காருங்க" என்று ஸ்கூட்டரில் வைத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் கத்தோலிக்கர். கோயிலுக்குப் போய்க் காலைப் பூசை பார்த்துவிட்டுத்தான் கிளினிக் திறப்பார். தவக்காலத்தில் வயதான டீச்சர்கள் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருந்து மயங்கி விழுவது எங்கள் ஊரில் வருஷா வருஷம் நடக்கும். அவர்களிடமும் பேரம்தான். "தொட்டுக்கிற வெஞ்சனத்த விடுங்க டீச்சர், கஞ்சிய விடாதீங்க. ஆண்டவர்ட்ட நான் பேசிக்கிறேன்." ரிட்டையரான ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாகூட சிரித்துவிட்டார் என்று கேள்வி.

எல்லாப் பேரமும் அவர் பக்கம் முடிந்ததில்லை. பீடிக்காரர் ஒருவரை இரண்டு கட்டிலிருந்து ஒரு கட்டு, ஒரு கட்டிலிருந்து அரைக் கட்டு என்று இரண்டு வருஷம் இறக்கிக்கொண்டு வந்தார். அரைக் கட்டில் இருக்கும்போது அந்த மனிதர் நுரையீரல் புற்றில் போய்விட்டார். டாக்டர் துக்கத்துக்குப் போய் வாசலிலேயே வெகுநேரம் நின்றார். அவருடைய மகனிடம், "இன்னுங் கொஞ்சம் இழுத்திருக்கணும் நான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். தோற்ற பேரத்தைத் தன் கணக்கிலேயே எழுதிக்கொள்கிற ஆள் அவர். அந்தக் குணத்தை நான் எப்படிப் பயன்படுத்திக்கொண்டேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. அப்பாவுக்குச் சர்க்கரை வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. கண்ணை மூடச் சொல்லிவிட்டு டாக்டர் பஞ்சால் உள்ளங்காலைத் தொட்டார். "தொட்டா சொல்லுங்க" என்றார். தொட்டு முடித்து வெகுநேரம் கழித்து, "எப்ப சார் தொடப்போறீக?" என்று அப்பா கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். தைப்பூசத்துக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று சுவர்க் காலண்டரைப் பார்த்தேன்.

காரணம் இருக்கிறது. எனக்கு இரண்டு வயதில் விஷக்காய்ச்சல் வந்து, பிழைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்களாம். பிள்ளை பிழைத்தால் ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் வெறுங்காலோடு பழனிக்கு நடந்து வருகிறேன் என்று அப்பா நேர்ந்துகொண்டார். நான் பிழைத்தேன். அவர் ஒரு வருஷம்கூடத் தவறாமல் நடந்தார். இப்போது அந்தக் காலுக்கு முள் குத்தினாலும் தெரியாது, கொதிக்கிற தார் சுட்டாலும் தெரியாது. தைப்பூசத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. என்னால் அவர் கால் போகப்போகிறது என்று எனக்குள் ஒரே பயம்.

அப்பாவுக்குத் தெரியாமல் நான் தனியாக டாக்டரைப் போய்ப் பார்த்தேன்.

"சார், நடந்தா ஹார்ட் நின்னு போயிரும்னு சொல்லிருங்க. உசுருக்குப் பயந்து இருந்துக்கிருவாரு."

"ஹார்ட்டு நல்லாருக்கே தம்பி."

"அது அவருக்குத் தெரியாதுல்ல சார்."

"உங்கப்பா முப்பது வருசமா தரகு பாக்குறவரு. நான் சொல்றது பொய்யின்னு மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருவாரு. அப்பறம் நெசத்தச் சொன்னாலும் நம்ப மாட்டாரு."

"அப்ப கூடாதுன்னாவது கறாரா சொல்லுங்க."

"சொல்லலாம். 'சரிங்க சார்'னு தலையாட்டிட்டு எனக்குத் தெரியாம நடந்துட்டு வருவாரு. புண்ணு வந்தா எங்கிட்ட காட்ட மாட்டாரு. அதுதான் தம்பி பயம். எனக்கு அவரு போறதும் தெரியணும், வந்து காலக் காட்டவும் வேணும்."

சட்டதிட்டமே இல்லாத மனிதர் என்று கோபத்தோடு எழுந்து வந்தேன்.

அடுத்த வாரம் அப்பாவையும் என்னையும் உட்கார வைத்துப் பேசினார். முதலில் ஒளிக்காமல் சொன்னார். "காலு மரத்துப் போச்சு. முள்ளு ஏறினா தெரியாது. சீப் பிடிச்சா விரலு போகும். முத்துனா காலே போகும். என்னையக் கேட்டா பஸ்ல போங்கம்பேன்."

"பஸ்ல போறதுக்கு முருகன் எதுக்கு சார்? கண்டக்டர் போதுமே."

"செருப்பு போட்டு நடக்கலாம்ல?"

"வெறுங்காலுன்னு நேந்துக்கிட்டது சார்."

"சரி. எதுவரைக்கும் செருப்பு போடுவீங்க?"

அப்பா மேலே ஓடிய ஃபேனைப் பார்த்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முப்பது வருஷமாக வீட்டில் யார் பேச்சையும் கேட்காதவர், எதுவரைக்கும் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

"ரெட்டியார்சத்திரம் வரைக்கும் போடுறேன்" என்றார்.

ரெட்டியார்சத்திரம் எங்கள் ஊரைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கிருந்து ஒட்டன்சத்திரம், அப்புறம் விருப்பாச்சி, அப்புறம் ஆயக்குடி, அதைத் தாண்டினால் பழனி. டாக்டருக்கு அந்த ரோடு முழுக்க மனப்பாடம்.

"ஆயக்குடி" என்றார் டாக்டர்.

"ஆயக்குடியிலேர்ந்து கோபுரமே தெரியும் சார். அப்பறம் நான் என்னத்த நடந்தேன்? ஒட்டன்சத்திரம்."

"உங்க பேச்சும் வேணாம், எம் பேச்சும் வேணாம். விருப்பாச்சி. தங்குற எடத்துல எல்லாம் உள்ளங்கால கண்ணாடியில பாக்கணும். திரும்பி வந்ததும் வீட்டுக்குப் போகாம நேரா இங்க."

அப்பா கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "சரி, முடிச்சுக்கங்க" என்றார்.

"விருப்பாச்சி வரை செருப்பு" என்று டாக்டர் மருந்துச் சீட்டில் எழுதினார். ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியும் கொடுத்தார். அதை ஏற்கெனவே வாங்கி மேஜை டிராயரில் வைத்திருந்தார். அப்பா எப்படியும் நடப்பார் என்று அவருக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. அதை நினைக்க நினைக்க எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

அப்பா சித்தப்பாவோடு நடந்துபோய், பூசம் முடிந்து பஸ்ஸில் திரும்பினார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே கிளினிக்குக்குத்தான் போனார். வலது காலின் சுண்டு விரலுக்குக் கீழே கருவேல முள் ஒடிந்து உள்ளேயே இருந்தது. கால் வீங்கிச் சிவந்திருந்தது. அவருக்கு வலியே இல்லை. டாக்டர் முள்ளை எடுத்து, சீழை வெளியேற்றி, தனக்குத் தெரிந்த சர்ஜனிடம் அன்றைக்கே சேர்த்தார். அப்படியும் நாலைந்து நாளில் சுண்டு விரலும் பக்கத்து விரலும் கறுத்துவிட்டன.

இரண்டு விரலையும் எடுக்க வேண்டும் என்று சர்ஜன் சொன்னார். அப்பா மாட்டேன் என்றார். மறுநாள் காலையில் டாக்டர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் வலது கைமேல் போட்டு, கையை டாக்டரிடம் நீட்டினார். சந்தையில் மாட்டு விலையைச் சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாமல் இப்படித்தான் பேசுவார்கள். துண்டுக்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத் தொகை சொல்வது. டாக்டர் தயங்கவே இல்லை. கையைத் துண்டுக்குள் விட்டார்.

துண்டு அசைவது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது, நின்றது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டுலயே நிக்கிறாரு" என்று என்னிடம் சொன்னார். "எறங்குற மனுசன். அவரே எறங்கலைன்னா இனி பேச ஒண்ணுமில்ல. கையெழுத்துப் போடு."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கால் தப்பியது. அன்று மாலை, மாற்றுத்துணிக்காக அப்பாவின் நடைப்பையைத் துழாவினேன். அடியில் செருப்பு இருந்தது. புதுச் செருப்பு, அடிப்பக்கம் தேயவே இல்லை. வராந்தாவில் இருந்த சித்தப்பாவிடம் கேட்டேன்.

"ரெட்டியார்சத்திரத்துல டீ குடிச்சம்ல, அங்கயே கழட்டிப் பையில வச்சுட்டாரு" என்றார் சித்தப்பா. "டாக்டர்ட்ட சொல்லிராதன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. ஒட்டன்சத்திரம் வர்றதுக்கு முன்னாடியே காலடியில ரத்தம், அவருக்குத் தெரியவே இல்ல. நீயும் அவர்ட்ட கேட்டுக்கிராத அப்பு."

இரண்டு நாள் கழித்து டாக்டர் வந்தார். கட்டைப் பிரித்துப் பார்த்தார். பிரித்ததைத் திரும்பக் கட்டிவிட்டு, அப்பாவையும் என்னையும் பார்த்துச் சொன்னார்.

"தப்பு எம்மேலதான். நான் ஆயக்குடியிலயே நின்னிருக்கணும். விருப்பாச்சிக்கு எறங்கியிருக்கக் கூடாது. அந்த நடுவுலதான் முள்ளு ஏறியிருக்கு. என்னைய மன்னிச்சிருங்க."

அப்பா சுவரைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். நான் சொல்லவில்லை. அப்பா மானத்தைக் காப்பாற்றினேன் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அன்றைக்கு நான் சொல்லச் சொன்ன பொய்யை டாக்டர் சொல்லியிருந்தால் இந்த விரல்கள் இருந்திருக்கும் என்ற கோபம் எனக்கு. பழி அவர் தலையில் போய் உட்கார்ந்தது எனக்குச் சுகமாக இருந்தது.

அதன்பிறகு டாக்டர் மாறிவிட்டார். இட்லி பேரமெல்லாம் இருந்தது, ஆனால் பழைய உற்சாகம் இல்லை. கால் விஷயம் வந்தால் மட்டும் முகம் இறுகிவிடும். அடுத்த தைப்பூசம் நெருங்கியபோது, சர்க்கரைக்காரர்கள் யார் பாதயாத்திரை என்று வாயெடுத்தாலும் "கூடாது" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். ஏன் என்று கேட்டால், "ஒருத்தருக்கு எறங்கிக் குடுத்து ரெண்டு விரல எடுத்தேன்" என்பார். அப்பா அந்த வருஷம் போகவில்லை. நடப்பவர்களுக்கு வீட்டு வாசலில் மோர் கொடுத்துக்கொண்டிருந்தார். டாக்டர் "கூடாது" என்று சொல்கிறார் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு மோர் கொடுக்கவும் வாசலுக்கு வரவில்லை.

பூசத்துக்கு மூன்று நாள் இருக்கும். அப்பாவுக்கு மாத்திரை வாங்கக் கிளினிக்கை ஒட்டிய மெடிக்கல் ஷாப்பில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் பச்சை வேட்டி கட்டி, மாலை போட்ட ஒரு பெரியவர். சிறுமலை அடிவாரத்துக்காரர் என்று பேச்சில் தெரிந்தது.

"ஒரு வாரத்துக்கு மாத்திரை குடுங்க. நாளைக்கு நடக்குறேன்" என்றார்.

"டாக்டர்ட்ட கேட்டீங்களா?" என்றார் கடைக்காரர்.

"அவர்ட்ட கேட்டா கூடாதும்பாரு. எதுக்கு அவர்ட்ட சொல்லிக்கிட்டு. சத்தங்காட்டாம போயிட்டு வந்துர வேண்டியதுதேன். எங்க ஊர்ல நாலஞ்சு பேரு அப்படித்தேன்."

"புண்ணு கிண்ணு வந்தா?"

"வந்தா அவர்ட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?"

ஒரு வருஷத்துக்கு முன்னால் டாக்டர் என்னிடம் சொன்ன அதே பயம், இப்போது என் கண் முன்னால் மாத்திரை வாங்கிக்கொண்டு போகிறது. அன்றைக்கும் நான் உள்ளே போகவில்லை. அவ்வளவு கோழை. மறுநாள் காலையில் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டுத்தான் போனேன்.

"சார், எங்கப்பா விருப்பாச்சி வரைக்கும் செருப்பு போடல. ரெட்டியார்சத்திரத்துலயே கழட்டிட்டாரு. எனக்கு ஆஸ்பத்திரியிலயே தெரியும். உங்க மேல கோவம். அதான் சொல்லல."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"ஒரு வருசமா, தம்பி" என்றார். அவ்வளவுதான் அவர் என்னைத் திட்டியது. நாலு வார்த்தை சேர்த்துத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"உங்கப்பாவுக்கு நீங்க வந்தது தெரியுமா?"

"தெரியாது சார்."

"தெரிய வேணாம். வெக்கப்பட்டுக்கிட்டு எங்கிட்ட வராமப் போயிருவாரு." பிறகு அவருக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. "மொதல்ல சொன்ன வெலையிலயே முடிச்சுட்டாரு பாத்தீங்களா. நம்மதான் அவர எறக்கிட்டோம்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கோம்."

"நீங்க பேசுனதுக்குப் பிரயோசனம் இல்லாமப் போச்சே சார்."

"ஏன் இல்ல? ரெட்டியார்சத்திரம் வரைக்கும் போட்டிருக்காருல்ல. நான் பேசலைன்னா அதுவும் போட்டிருக்க மாட்டாரு. வந்ததும் நேரா இங்கதான வந்தாரு."

நேற்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டதையும் சொன்னேன். சிரிப்பு போய்விட்டது. எந்த ஊர், என்ன வயது, எப்போது கிளம்புவதாகச் சொன்னார் என்று கேட்டார். இன்றைக்கு என்று சொன்னேன். வெளியே அரோகரா சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நத்தம் பக்கத்துக் கூட்டமெல்லாம் அந்தத் தெரு வழியாகத்தான் போகும். டாக்டர் எழுந்து வாசலுக்கு வந்தார். பெஞ்சில் காத்திருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

அரைமணி நேரம் அப்படியே நின்றிருப்போம். பச்சை வேட்டிகளுக்கு நடுவில் அந்தப் பெரியவர் வந்தார். கிளினிக் வாசலில் டாக்டரைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு ரோட்டின் அந்தப் பக்கம் ஒதுங்கினார். நான் அவர் காலைப் பார்த்தேன். வெறுங்கால், தார் ரோட்டில்.

"ஐயா, செத்த நேரம் நில்லுங்க. ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று டாக்டர் படியிறங்கினார்.

பெரியவர் நிற்கவில்லை. டாக்டர் கூட்டத்துக்குள் புகுந்து அவர் பக்கத்தில் போய், அவரோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்தார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. பெரியவர் மாட்டேன் என்று தலையாட்டுவது தெரிந்தது. டாக்டர் கையை நீட்டி எதையோ சொன்னார். பெரியவர் மறுபடி தலையாட்டினார். டாக்டர் விடாமல் கூடவே நடந்தார். தெரு முனை திரும்பும் வரைக்கும் இருவரும் பேசிக்கொண்டே போனார்கள்.